யானை வருமா, வராதா: பயம், பதற்றம், நிச்சயமின்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்பாறை, சோலையாறு, மளுக்கப்பாறை என்று தமிழ்நாடும் கேரளமும் தேயிலைக் காட்டுக்குள் கலந்து கிடக்கிற இந்தப் பக்கத்தில் பயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது யானைதான். அதனால் இந்தக் கேள்விகளும் பெரும்பாலும் யானையைச் சுற்றியே இருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்கள், பிள்ளை வீடு திரும்ப நேரமானால் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பவர்கள், யானைக்குப் பதில் அவரவர் சங்கதியை வைத்துப் படித்துக்கொள்ளலாம். கணக்கு ஒன்றுதான்.

ஒரே ராத்திரி, ஒரே யானை. பக்கத்து வீட்டு அண்ணன் மறுவாரமே மறந்துட்டார். எனக்கு மட்டும் ஏன் இன்னும் படபடப்பு?

அந்த ராத்திரி இரண்டு பேருமே பயந்தீர்கள். வித்தியாசம் அதற்கப்புறம் வந்த ராத்திரிகளில் இருக்கிறது. யானை வராத ஒவ்வொரு இரவையும் அண்ணனுடைய மூளை 'இன்னிக்கும் ஒண்ணுமில்ல' என்று கணக்கில் சேர்த்துக்கொண்டே போயிருக்கும். உங்களுடையது 'இன்னிக்கு வரல, அப்ப நாளைக்கு வரலாம்' என்று எழுதி வைத்திருக்கும். நடந்தது ஒன்றே என்றாலும் கற்றுக்கொண்டது வேறு. இது தைரியம், கோழைத்தனம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் பாதிப்பேர் வெட்கப்பட்டுக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

பயத்தை 'கத்துக்கிறது'ன்னா என்ன? பயம் தானா வர்றதுதானே?

கொஞ்சம் தானாக வருவது, மிச்சம் கற்றுக்கொள்வது. பலத்த சத்தத்துக்குக் கைக்குழந்தை திடுக்கிடுவதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் வாழைத்தண்டு மடக்கென்று முறிகிற சத்தத்துக்கு இந்த மலையில் வளர்ந்தவர் நிமிர்ந்து உட்காருவார், சென்னைக்காரர் காப்பியை உறிஞ்சிக்கொண்டிருப்பார். அதுதான் கற்றது.

1920ல் அமெரிக்காவில் வாட்சன், ரேனர் என்ற இருவர் ஆல்பர்ட் என்று பெயர் சொன்ன ஒரு குழந்தையிடம் வெள்ளெலியைக் காட்டி, அது எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவைகளில் எலியைப் பார்த்ததுமே குழந்தை அழ ஆரம்பித்தது, அப்புறம் முயலைப் பார்த்தும் அழுதது. அந்தப் பயத்தைப் போக்கிவிட்டு அனுப்பக்கூட இல்லை, அவ்வளவு பொறுப்பு! இன்றைக்கு அப்படிச் செய்ய எந்தக் கல்லூரியும் அனுமதிக்காது. இப்போதைய ஆய்வுகளில் சம்மதித்து வந்த பெரியவர்களுக்குத் திரையில் இரண்டு நிறங்களைக் காட்டுவார்கள். ஒரு நிறம் வந்தால் சில சமயம் கையில் சுருக்கென்று சின்ன மின் அதிர்ச்சி விழும், இன்னொன்று வந்தால் எப்போதும் ஒன்றும் இருக்காது. உள்ளங்கை எவ்வளவு வியர்க்கிறது என்று அளப்பார்கள். எந்த நிறம் ஆபத்து, எது பாதுகாப்பு என்று உடம்பு எவ்வளவு சீக்கிரம் பிரித்துக்கொள்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. இந்தப் பக்கத்தில் 'ஆபத்துக் குறி', 'பாதுகாப்புக் குறி' என்று சொல்வதெல்லாம் இந்த இரண்டு நிறங்களைத்தான்.

என் பொண்ணு யானையை நேர்ல பார்த்ததே இல்லை. அவளுக்கு எப்படி இவ்வளவு பயம்?

உங்கள் முகத்தைப் பார்த்துக் கற்றிருக்கிறாள். சூசன் மினேகா என்ற ஆய்வாளர் 1980களில் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த, பாம்பையே பார்த்திராத குரங்குகளை வைத்து இதைக் காட்டினார். இன்னொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைப் பார்த்தாலே போதும், இவையும் பயப்பட ஆரம்பித்தன. அதே அலறல் பூவைப் பார்த்து வந்தது மாதிரி வீடியோவை ஒட்டிக் காட்டியபோது பூவுக்குப் பயப்படவில்லை. அதாவது சில பயங்களுக்கு மனசில் ஏற்கெனவே இடம் போட்டு வைத்திருக்கிறது, அடுத்தவர் முகம் அதை நிரப்பிவிடுகிறது. ராத்திரி நாய் குரைத்ததும் நீங்கள் பேச்சை நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள் இல்லையா, அதைத்தான் பாப்பா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

யானை எதிர்ல நின்னாக்கூட இவ்வளவு நடுக்கம் இல்ல. வருமோ வராதோன்னு இருக்கிறதுதான் தாங்கல. இது விசித்திரமா இருக்கே?

விசித்திரமே இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் செய்து 2016ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் அளந்தது. 45 பேரைக் கணினியில் ஒரு விளையாட்டு ஆடச் சொன்னார்கள். கல்லைப் புரட்ட வேண்டும், அடியில் பாம்பு இருக்குமா இருக்காதா என்று முன்னாலேயே சொல்ல வேண்டும், பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு ஷாக். எந்தக் கல்லுக்கு அடியில் எவ்வளவு வாய்ப்பு என்பதை நடுநடுவே மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, ஐம்பதுக்கு ஐம்பது என்று இருந்தபோதுதான் வியர்வையும் கண்மணி விரிவும் உச்சத்துக்குப் போயின.

அதில் இன்னொரு சங்கதியும் உண்டு, பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். யாருடைய பதற்றம் நிச்சயமின்மைக்கு ஏற்ப ஏறி இறங்கியதோ, அவர்கள்தான் பாம்பு எங்கே என்று நன்றாகக் கணித்தார்கள். ஆக பதற்றம் என்பது வெறும் தொல்லை இல்லை, தெரியாத இடத்தில் உன்னிப்பாகக் கற்றுக்கொள்ள உடம்பு செய்கிற ஏற்பாடு. ஏறினது இறங்காமல் அப்படியே நின்றுவிடும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

'நிச்சயமின்மையைத் தாங்க முடியாதவர்'னு சிலரைச் சொல்றாங்களே, அது ஒரு வியாதியா?

வியாதி இல்லை, ஒரு குணம், எல்லாருக்கும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். கனடாவின் கியூபெக்கில் இருந்த ஆய்வாளர்கள் 1994ல் இதை அளக்க 27 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் போட்டார்கள், 2007ல் வேறு ஆய்வாளர்கள் அதை 12 ஆகச் சுருக்கினார்கள். அதில் இரண்டு முகம் தெரிகிறது. ஒன்று, வரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்ற துடிப்பு. பொள்ளாச்சி பஸ் அட்டகட்டி தாண்டிவிட்டதா என்று கண்டக்டருக்கு போன் போடச் சொல்பவர் இந்த ரகம். இரண்டாவது, தெரியாத நிலையில் கை கால் ஓடாமல் அப்படியே உறைந்துபோவது. இவர் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவே மாட்டார், பயணத்தையே விட்டுவிடுவார்.

பொதுவான பதற்றக் குணமும் இதுவும் அண்ணன் தம்பி மாதிரிதான், ஆனால் ஒரே ஆள் இல்லை. பொதுவாகப் பதற்றப்படுபவர் 'ஏதாவது கெட்டது நடந்துடுமோ' என்பார். நிச்சயமின்மையைத் தாங்காதவருக்கு நடக்கப்போவது நல்லதா கெட்டதா என்பதுகூட அடுத்தபட்சம், தெரியாமல் இருப்பதே அவருக்கு ஆபத்து.

அப்போ பதற்றக்காரங்க பயத்தை மத்தவங்களைவிட நல்லா கத்துக்கிறாங்களா?

இங்கேதான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

ஆபத்துக் குறியைக் கற்பதில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஷாக் கொடுக்கிற நிறத்தைப் பார்த்தால் எல்லாருக்கும்தான் வியர்க்கிறது. வித்தியாசம் பாதுகாப்புக் குறியில் வருகிறது. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் வருஷத்துத் தொகுப்பு ஒன்றில், பதற்றக் கோளாறு உள்ளவர்கள் ஒன்றுமே செய்யாத அந்த இன்னொரு நிறத்துக்கும் கூடுதலாகப் பயந்தார்கள். அப்புறம் ஷாக்கை அடியோடு நிறுத்திய பிறகும் பழைய ஆபத்து நிறத்துக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே பயந்துகொண்டிருந்தார்கள். இரண்டுமே பாதுகாப்பைக் கற்றுக்கொள்வதில் இருக்கும் சிக்கல்.

ஆபத்துக் குறியைப் போலவே தெரிகிற மற்றவைக்கும் பயம் பரவும். சின்ன வட்டத்தில் தொடங்கிப் பெரிய வட்டம் வரை வரிசையாகக் காட்டி, ஒன்றுக்கு மட்டும் ஷாக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். திடீரென்று பீதி வந்து தாக்கும் திகில் நோய் உள்ளவர்களுக்கு அந்த வட்டத்தின் சாயல் கொஞ்சம் இருந்தாலே போதும், உடம்பு திடுக்கிட்டது. நம் பாடியில், அதாவது எஸ்டேட் லைன் வீடுகளில், இது எப்படி இருக்கும்? கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் பத்தடி தள்ளி, நடுவில் ஒரு பலாமரம். ராத்திரி எழுந்த அக்கா டார்ச்சை அடித்துவிட்டு வாசற்படியிலேயே நிற்கிறார். தகரத்தில் கிளை உரசுகிறது, நாய் குரைக்கிறது. நாய் காட்டுப்பன்றிக்கும் குரைக்கும், சிறுத்தைக்கும் குரைக்கும், அடுத்த லைன் நாய் குரைத்ததற்கும் குரைக்கும். பழுத்த பலா வாசம் வேறு. ஒவ்வொன்றும் யானைக்கு ஒரு விரல் சாயல். அவர் கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஒரு வருஷமா எங்க லைனுக்கு யானையே வரல. பயம் தானா போயிருக்கணுமே?

போவதில்லை, அடங்கும். பழைய பயம் அழிக்கப்படுவதில்லை, அதன் மேல் 'இப்போ பரவாயில்லை' என்ற புதிய பாடம் ஒன்று ஏறி உட்காருகிறது. இதைப் பாவ்லோவே கவனித்திருக்கிறார், அடங்கிய பழக்கம் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தால் தானாகத் தலைதூக்கியது. மூளைக்குள் பார்த்தால், அமிக்டலா என்கிற பாதாம் பருப்பளவு பகுதி ஆபத்தைக் குறித்து வைக்கிறது, நெற்றிக்குப் பின்னால் நடுக்கீழ்ப் பகுதி 'சரி விடு' என்று அதை அமர்த்துகிறது. இரண்டும் இருக்கும், எது ஓங்குகிறது என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஜெய்ன் மோரிஸும் அவருடைய குழுவும் 2015லிருந்து பார்த்துவந்தது சரியாக இந்தக் கட்டத்தைத்தான். காதைக் கிழிக்கும் ஒரு சத்தத்தோடு நிறங்களைச் சேர்த்துக் கற்பித்துவிட்டு, அப்புறம் சத்தத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுவார்கள். நிச்சயமின்மையை ஓரளவு தாங்குகிறவர்களுக்கு வியர்வை சீக்கிரம் குறைந்துவிடும். தாங்காதவர்களுக்கு முதலில் இரண்டு நிறத்துக்குமே பயம், கடைசிவரை ஆபத்து நிறத்துக்குப் பயம். அந்த நெற்றிப் பகுதியும் அமிக்டலாவும் வேலை செய்த விதத்திலும் வித்தியாசம் தெரிந்தது. பொதுவான பதற்ற அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இது நின்றது.

ஏன் என்று யோசித்தால் எனக்கு நியாயமாகவே படுகிறது. சத்தம் நின்றுவிட்டது என்று யாரும் சொல்லவில்லையே! 'இது ஓய்ஞ்சுடுச்சா, இல்ல இடைவெளியா' என்பதுதானே அவர்களுடைய கேள்வி. அதிலும் ஆபத்து விட்டுவிட்டு வந்திருந்தால் அடங்குவது இன்னும் கஷ்டம், ஏனென்றால் வராத நாட்களும் பழைய கணக்கிலேயே இருந்தவைதான், புதிதாக எதுவும் மாறியதாகத் தெரியாது. யானை தினமும் ஏழு மணிக்கு வந்து திடீரென்று நின்றிருந்தால் ஒரே வாரத்தில் உங்களுக்குப் புரிந்திருக்கும். அது வருவதும் போவதும் எப்போதுமே அதன் இஷ்டம். ஒரு வருஷம் வராததும் அதன் இஷ்டமாக இருக்கலாம் என்று உங்கள் உடம்பு நினைத்தால் அதை மடத்தனம் என்று சொல்ல என்னால் முடியாது.

முன்கூட்டியே தகவல் சொன்னா பயம் குறையுமா?

குறையும், அதுவும் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே. மோரிஸும் வான் ரீக்கமும் 2019ல் வெளியிட்ட ஆய்வில், சத்தத்தை நிறுத்தும் நேரத்தில் 'இனி வராது' என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்கள். தாங்காதவர்களின் பயமும் மற்றவர்களைப் போலவே அடங்கியது. ஆக அவர்களுக்குப் பாதுகாப்பைக் கற்கும் திறன் இல்லாமல் போகவில்லை. தெளிவான சேதிதான் வேண்டியிருந்தது.

நம் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற காட்டுயிர் அமைப்பின் ஆட்கள் முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் சாயங்காலம் யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று ஓடவிட்டார்கள், 2011லிருந்து செல்போனுக்குக் குறுஞ்செய்தியும் வர ஆரம்பித்தது. உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு ஒன்று, செல்போனில் இருந்தே எரியவிடலாம், மின்னினால் சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருக்கிறது என்று அர்த்தம். கடைசி பஸ்ஸில் இறங்கி இருட்டில் தேயிலைக் காட்டு வழியாக நடக்கிறவர் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான். இந்தப் பணிக்காக அந்த அமைப்பின் ஆனந்தகுமாருக்கு 2015ல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

உயிர் காக்கத்தான் அந்த ஏற்பாடு, மனசைக் காக்க என்று யாரும் வைக்கவில்லை. ஆனால் ஆபத்து எப்போது என்று சொல்கிற குறி ஒன்று இருந்தால், அது இல்லாத நேரம் முழுக்க ஓய்வு நேரமாகிவிடுகிறது. மார்ட்டின் செலிக்மன் 1960களில் எலிகளை வைத்துச் சொன்னது இதுவேதான். ஷாக்குக்கு முன்னால் மணியோ விளக்கோ வைத்தால் அது எரியும்போது மட்டும் எலி பயப்படும். ஒன்றுமே வைக்காவிட்டால் நாள் முழுக்க பயந்துகொண்டே இருக்கும், வயிற்றில் புண்கூட வரும்.

அப்போ விளக்கையும் போனையும் அடிக்கடி பார்த்துக்கிட்டே இருக்கலாமா?

வெளியே கால் வைக்கும் முன்னால் ஒரு தடவை பாருங்கள். அது தகவல். கதவைச் சாத்திவிட்டுப் படுத்தபிறகு எழுந்து எழுந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பது வேறு ஜாதி. தகவல் கிடைத்தால் கேள்வி முடியும், ஆறுதலுக்காகப் பார்ப்பது கேள்வியை வளர்க்கும். பார்க்காமல் இருந்தாலும் ராத்திரி ஒன்றும் நடந்திருக்காது என்பதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே தராமல், 'பார்த்ததாலதான் தப்பிச்சோம்' என்று மனசு வரவு வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, விளக்கு மின்னவில்லை என்றால் யாரும் யானையைப் பார்த்துச் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். அந்தச் சின்ன இடைவெளியை எந்தக் கருவியும் அடைக்காது. அதைத் தாங்கப் பழகுவது தனி வேலை.

இருட்டின பிறகு வெளியே போறதில்ல. இதையும் பயக் கோளாறுன்னு சொல்லுவீங்களா?

சொல்ல மாட்டேன். இந்த மலையில் அது புத்தி. ரேஷன் கடைச் சுவரையும் சத்துணவுக் கூடத்தின் கதவையும் இடித்து அரிசியை வாரிப்போட்ட யானை கற்பனையில் வந்ததல்ல. பயத்தைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் ஆபத்து நின்றுபோன ஆய்வுக்கூடத்தை வைத்து எழுதியவை, அதை அப்படியே இங்கே கொண்டுவந்து 'எல்லாம் உன் மனசுலதான்' என்று அறிவுரை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கவனிக்க வேண்டியது வேறு. பட்டப்பகலில் பஜாருக்குப் போவதும் நின்றுவிட்டதா? வீட்டுக்குள் இருக்கும்போதும் தூக்கம் இல்லையா? பொள்ளாச்சியில் தங்கை வீட்டில் படுத்தாலும் காது வெளியிலேயே இருக்கிறதா? தவிர்ப்பதன் சிக்கல் என்னவென்றால் தவிர்த்தவுடன் கிடைக்கிற நிம்மதியே அடுத்த தவிர்ப்புக்குக் கூலியாகிறது. மௌரர் என்ற உளவியலாளர் 1947லேயே எழுதிவைத்தது இது. பஜாருக்குப் போகாதவருக்கு பஜார் பத்திரமான இடம் என்று தெரியவரும் நாளே வராது.

மந்திரிச்சு கயிறு கட்டினா பயம் போகுதே?

குறையும்தான். கயிறு பாதுகாப்புக் குறியாக வேலை செய்கிறது. நம்பிக்கை உங்களுடையது, அதில் நான் தலையிடவில்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தைரியம் முழுவதும் கயிற்றின் கணக்கில் போய்விட்டால், அது அறுந்து விழுகிற அன்றைக்கு பயம் வட்டியோடு வரும்.

குடிச்சா?

அந்த நேரத்துக்கு மழுங்கும், மறுநாள் பதற்றம் கூடும். போதையில் யானை நிற்கிற வழியில் நடந்தவர்களின் கதை உங்களுக்கே தெரியும்.

சிகிச்சை இருக்கா? எங்கே போறது?

இருக்கிறது. பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைக்கும் முறைதான் பிரதானம். கலிஃபோர்னியாவின் மிஷெல் கிராஸ்கே போன்றவர்கள் சொல்வது, பயம் இறங்கும்வரை காத்திருப்பதைவிட 'நான் நினைச்சது நடக்கலையே' என்று மனசு ஆச்சரியப்பட வைப்பது முக்கியம். அதனால் போகும் முன் 'என்ன நடக்கும்னு நினைக்கிறே' என்று எழுதச் சொல்வார்கள், வந்தபிறகு ஒப்பிடுவார்கள். நிச்சயமின்மைக்கென்றே தனியாகவும் பயிற்சி உண்டு. மெனு பார்க்காமல் சாப்பாடு சொல்வது, மெசேஜை ஒரே தடவை படித்துவிட்டு அனுப்புவது என்று அற்பமாகத் தெரிகிறவற்றில் தொடங்குவார்கள். நிஜமான யானையிடம் கொண்டுபோய் நிறுத்த மாட்டார்கள், கவலை வேண்டாம்!

மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

வீட்டுக்காரர் ராத்திரி பத்து தரம் 'இன்னிக்கு வராதுல்ல?'ன்னு கேட்கிறார். என்ன சொல்றது?

'வராதுங்க, நான் இருக்கேன்ல' என்று பத்துத் தரமும் சொல்லாதீர்கள், எரிந்தும் விழாதீர்கள். முதல் தடவை தெரிந்ததைச் சொல்லுங்கள்: 'மெசேஜ் பார்த்தேன், அந்தப் பக்க எஸ்டேட்ல நிக்குதாம், கதவு தாழ் போட்டாச்சு.' இரண்டாவது தடவையிலிருந்து 'அதான் தெரிஞ்சதைச் சொல்லிட்டேனுங்களே, அதுக்கு மேல எனக்கும் தெரியாது, தெரியாமலே படுப்போம்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுங்கள். முதல் சில இரவுகள் அவர் கூடுதலாகக் கேட்பார், அதுவும் எதிர்பார்த்ததுதான்.

கல்யாணமாகி திருச்சூர் போனேன், அங்கே ஏழெட்டு வருஷம் பயமே இல்ல. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன், முதல் ராத்திரியே நடுக்கம். திரும்ப முதல்ல இருந்தா?

முதலிலிருந்து இல்லை. அமெரிக்காவில் மார்க் பௌட்டன் எலிகளிடம் இதை விலாவாரியாகக் காட்டியிருக்கிறார். ஒரு கூண்டில் பயம் கற்று இன்னொரு கூண்டில் அடங்கிய எலியைப் பழைய கூண்டில் விட்டால் பயம் திரும்பும். பாதுகாப்புப் பாடம் அது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பயப் பாடம் எங்கே வேண்டுமானாலும் கூடவே வரும்.

திருச்சூர் யானை இல்லாத ஊரா என்ன, பூரத்தன்றைக்கு நெற்றிப்பட்டம் கட்டி வரிசையாக நிற்கிற கொம்பன்களுக்கு எதிரில் நீங்களே சேச்சிமாரோடு நின்றிருப்பீர்கள். அங்கே யானை எங்கே நிற்கும், பாகன் எங்கே இருப்பார், மேளம் எப்போது என்று எல்லாம் தெரியும். இங்கே தகரத்தில் ஒரு கிளை உரசல், அவ்வளவுதான். அதனால் அங்கே இருந்த தைரியம் இங்கே செல்லவில்லை என்று நொந்துகொள்ள வேண்டாம். இந்த வீட்டிலேயே, இந்தச் சத்தங்களோடேயே பாதுகாப்பைத் திரும்பக் கற்க வேண்டும். முதலில் பகலில் பின்பக்கம் போய் அந்தக் கிளையைத் தகரத்தில் உரசிப் பாருங்கள். அடுத்து சாயங்காலம், விளக்கு மின்னாத நாளில், தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு. பிறகு அவன் வாசலில் நிற்க நீங்கள் மட்டும். ராத்திரி படுத்தபிறகு கிளை உரசினால் எழுந்து பார்க்காதீர்கள், காலையில் பலாமரத்தடியைப் போய்ப் பாருங்கள், சாணமோ தடமோ இருக்கிறதா இல்லையா என்று. இல்லையென்றால் பிரசவ நோட்டின் ஓரத்தில் தேதி போட்டு ஒரு கோடு இழுத்து வைக்கலாம். இருந்தால் அன்றைக்கு நீங்கள் உள்ளேயே இருந்தது சரி, அதையும் குறித்து வையுங்கள்.